நேர்க்கோட்டில் அடங்காத ஜன்னல்களுக்குத் திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைவு, வட்டம், முக்கோணம், சரிவு என்று ஜன்னல் வைத்துக் கட்டிய வீட்டுக்காரர்கள் திரை தைப்பவரிடம் வரும்போதே சற்றுச் சோர்ந்து வருகிறார்கள். கடையில் தொங்குவது எதுவும் பொருந்தவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் வெவ்வேறு பதில். திரை தைத்து மாட்டும் வேலையில் இருக்கும் என்னிடம் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தாம். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

எங்கள் வீட்டு ஜன்னல் கொஞ்சம் விசித்திரமான வடிவம். எதை வைத்துத் தேர்வைத் தொடங்குவது?

வடிவத்தைச் சற்று நேரம் மறந்துவிட்டு, அந்த ஜன்னலால் உங்களுக்கு என்ன தொல்லை என்று பாருங்கள். வெளியிலிருந்து பார்வை விழுகிறதா? குறிப்பிட்ட நேரத்தில் வெயில் கண்ணில் அடிக்கிறதா? அறை சூடாகிறதா? தூங்கும்போது வெளிச்சம் உறுத்துகிறதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பார்வையை மறைக்க மெல்லிய துணியோ கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமோ போதும். வெப்பத்துக்கு அது போதாது.

விடுமுறை நாளொன்றில் காலை முதல் இரவு வரை அந்த அறையில் நீங்கள் வழக்கமாக உட்காரும், படுக்கும் இடங்களிலிருந்து ஜன்னலைக் கவனியுங்கள். இரவில் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றும் பாருங்கள். முழு ஜன்னலையும் மூட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் பலருக்குக் கீழ்ப்பாதியை மூடினாலே போதும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

திரையே போடாமல் விட்டால் வீடு முடிவடையாத மாதிரி தெரியாதா?

தெரியாது. வட்டமோ வளைவோ அழகுக்காக வைக்கப்பட்டது. அந்த உருவம் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். தலைக்கு மேல் உயரத்தில் இருப்பது, யார் பார்வையும் எட்டாத பக்கம் இருப்பது, வண்ணக்கண்ணாடி பதித்தது ஆகியவற்றைத் தயங்காமல் வெறுமனே விடலாம். சட்டத்தைச் சுவரிலிருந்து மாறுபட்ட நிறத்தில் பூசினால் அந்த வடிவமே அறைக்கு அலங்காரமாகிவிடும். தொல்லை இல்லாத ஜன்னலுக்குத் திரை விற்பவர்களின் பேச்சை நம்ப வேண்டாம்.

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் திரையை ஏன் இந்த ஜன்னல்களுக்குப் போட முடிவதில்லை?

இந்தப் பக்கத்தில் இருக்கும் மற்றப் பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன. திறந்து மூடும் திரை எதுவானாலும் அது நகரும் பாதையின் இரு ஓரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். உருளையில் சுருண்டு மேலே ஏறும் ரோலர் பிளைண்டுக்கு இடமும் வலமும் இணையான செங்குத்து ஓரங்கள் தேவை. பக்கவாட்டில் இழுக்கும் துணித்திரைக்கு மேலே மட்டமான கம்பியும் கீழே அதற்கு இணையான விளிம்பும் தேவை. வட்டத்திலும் முக்கோணத்திலும் அந்த இணை கிடையாது.

ஆகவே ஜன்னலுக்கு உள்ளேயே மாட்டுவதானால் உங்கள் முன் இரண்டு வழிகள்தாம். ஜன்னலுக்குள் எங்காவது ஒளிந்திருக்கும் நீள்சதுரத்தைக் கண்டுபிடித்து அந்தப் பகுதிக்கு மட்டும் நகரும் திரை போடலாம். அல்லது முழு வடிவத்துக்கும் நகராத, நிலையான மறைப்பு போடலாம். வடிவம் முழுவதையும் மூட வேண்டும், அது முழுதாகத் திறக்கவும் வேண்டும் என்றால், சுவரில் ஜன்னலைவிடப் பெரிய நீள்சதுரமாகவே திரையை மாட்டியாக வேண்டும்.

சட்டத்துக்கு உள்ளே மாட்டுவதா, வெளியே சுவரில் மாட்டுவதா?

உள்ளே மாட்டினால் ஜன்னலின் உருவம் தெரியும். பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் அளவு மில்லிமீட்டர் பிசகக் கூடாது. திரையை மேலே தாங்கும் தலைப்பெட்டி உட்காரும் அளவுக்கு ஜன்னல் குழிவில் ஆழமும் வேண்டும். ஓரங்களில் வெளிச்சம் கசிவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வெளியே மாட்டினால் பிழைகள் மறையும், வெளிச்சமும் நன்றாக அடைபடும். பக்கத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை கூடுதலாக விட்டால் போதும். ஆனால் மூடியிருக்கும் நேரத்தில் வடிவம் காணாமல் போகும். வடிவத்தை விரும்பிக் கட்டியவர்கள் உள்ளேயும், தூக்கமே முக்கியம் என்பவர்கள் வெளியேயும் மாட்டுவதே என் யோசனை.

அளவை நானே எடுக்கலாமா? எங்கே தவறு வரும்?

தாராளமாக எடுக்கலாம். துணி நாடா இழுபடும். எஃகு டேப்பைப் பயன்படுத்துங்கள். நீள்சதுரப் பகுதியில் அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களிலும், உயரத்தை இடம், நடு, வலம் என்று மூன்று இடங்களிலும் எடுங்கள். உள்ளே மாட்டுவதற்கு அவற்றில் சிறிய அகலமே கணக்கு. மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளையும் எடுத்துப் பாருங்கள்; அவை சமமாக இல்லையென்றால் ஜன்னல் கோணலாக இருக்கிறது.

வளைவுக்கு முதலில் அடி அகலத்தையும் நடு உயரத்தையும் எடுங்கள். உயரம் அகலத்தில் சரிபாதியாக இருந்தால் அது சுத்தமான அரைவட்டம்: 120 சென்டிமீட்டர் அகலத்துக்கு 60 உயரம். உயரம் குறைவாக, வளைவு பெரியதொரு வட்டத்தின் துண்டாக இருந்தால் அந்த வட்டத்தின் ஆரத்தை இப்படிக் கணக்கிடலாம்: அகலத்தை அகலத்தாலேயே பெருக்கி, அதை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். 120 அகலம், 40 உயரம் என்றால் 14,400-ஐ 320-ஆல் வகுக்க 45. அதோடு 20 சேர்த்தால் ஆரம் 65 சென்டிமீட்டர். நீள்வட்டமாக இழுத்த வளைவுக்கும் உச்சியில் கூரான வளைவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

கணக்கு எதுவானாலும் காகித அச்சு எடுத்துவிடுவதே பாதுகாப்பு. பழுப்புத் தாள்களை ஒட்டிப் பெரிதாக்கி, ஜன்னல்மேல் நாடாவால் பதித்து, விளிம்பைப் பென்சிலால் தேய்த்து எடுத்து வெட்டுங்கள். வெட்டியதை ஜன்னலில் வைத்துச் சரிபார்த்தபின், அறையைப் பார்க்கும் முகத்தில் ‘உள்பக்கம்’, ‘மேல்’ என்று பெரிதாக எழுதுங்கள். இதை எழுதாமல் எந்த அச்சையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். இடமும் வலமும் ஒன்றாக இல்லாத முக்கோணத்தின் அச்சைத் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டால் கிடைப்பது கண்ணாடிப் பிம்பம். அதை எந்தத் தையற்காரராலும் சரிசெய்ய முடியாது.

மேலே அரைவட்டம், கீழே சாதாரண ஜன்னல். வளைவையும் சேர்த்து மூட வேண்டுமா?

பெரும்பாலான வீடுகளில் வேண்டாம். நிமிர்ந்த பக்கங்கள் முடிந்து வளைவு தொடங்கும் மட்டத்தில் கம்பியையோ பிளைண்டையோ மாட்டுங்கள். கீழே உங்கள் நீள்சதுரம் கிடைத்துவிட்டது. வளைவு வழியாக மேலிருந்து வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும். வளைவு கண்மட்டத்துக்கு மேல் இருப்பதால் தரைத்தளத்தில்கூட அந்தரங்கத்துக்குக் குறை வராது. எதிரே மாடி வீடு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கம்பி அந்த மட்டத்தில் ஜன்னலை இரண்டாக வெட்டுவதுபோல் தெரிகிறது என்று சிலர் குறைப்படுவதுண்டு. உயரம் குறைந்த ஜன்னலில் அது உண்மைதான். அங்கே வளைவின் உச்சிக்கும் மேலே, கூரைக்குச் சற்றுக் கீழாகக் கம்பியை மாட்டி, தரைவரை துணியைத் தொங்கவிடுங்கள். பகலில் திரையை இரு ஓரங்களுக்கும் ஒதுக்கினால் வளைவு முழுதாகத் தெரிய வேண்டும். அதற்குக் கம்பி ஜன்னலைவிட நன்றாக நீளமாக இருக்க வேண்டும். ஒதுக்கிய துணி கம்பியின் நீளத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை பிடித்துக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள்.

வளைவின் வடிவத்திலேயே கம்பியை வளைத்து மாட்டினால் இழுத்துத் திறக்க முடியுமா?

முடியாது. மூன்றாவது பதிலில் சொன்னதுபோல் இழுக்கும் திரைக்கு மட்டமான கம்பி வேண்டும். வளைந்த கம்பியில் வளையங்கள் தாமாகவே கீழ்நோக்கிச் சறுக்கும். உச்சியில் துணி நிற்காது. ஆகவே வளைந்த கம்பியில் துணியின் மேல் விளிம்பான தலைப்பை அசையாமல் வெல்க்ரோவாலோ கொக்கிகளாலோ பிணைத்துவிட்டு, துணியை நடுவில் பிரித்து இரு பக்கமும் நாடாவால் கட்டி ஒதுக்குவார்கள். பார்க்க மிக அழகாக இருக்கும், ஆனால் திறப்பு கூடாரத்தின் வாயில்போலக் கீழேதான் அகலமாக விரியும். மேற்பகுதி எப்போதும் மூடியே இருக்கும். வெளிச்சம் ஏராளமாக வரும் அறைக்கு இது ஏற்றது. இருண்ட அறைக்குச் சொல்லமாட்டேன்.

சூரியக் கதிர்போல நடுவிலிருந்து விரியும் மடிப்புத் துணி வளைவில் பார்த்தேன். அதற்குத் துணி எவ்வளவு வேண்டும்?

வளைந்த விளிம்பின் நீளத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். அடி அகலத்தை வைத்துக் கணக்கிட்டால் துணி பற்றாது. அரைவட்டத்தின் விளிம்பு அதன் அகலத்தைப்போல் சுமார் 1.57 மடங்கு. மடிப்பு நிறைவாக விழ அதன் இருமடங்குத் துணி வேண்டும். எனவே 120 சென்டிமீட்டர் அகல வளைவுக்கு விளிம்பு 188, துணியின் நீளம் ஏறக்குறைய 377 சென்டிமீட்டர், அதற்குமேல் தையலுக்கு விடுவது தனி. துணியின் குறுக்களவு வளைவின் உயரத்தோடு மடித்துத் தைக்கும் அளவு.

மெல்லிய துணியைத் தேர்ந்தெடுங்கள். இத்தனை மடிப்பும் அடியின் நடுப்புள்ளியில் வந்து கூடுவதால் கனத்த துணி அங்கே முடிச்சாகத் திரண்டுவிடும். இது நிலையான மறைப்பு என்பதால், கழற்றித் துவைக்க வசதியாகத் தனிச் சட்டத்தில் கட்டி ஜன்னலில் பொருத்தச் சொல்லுங்கள்.

வட்ட ஜன்னலுக்கு என்னதான் போடுவது?

சிறியதாக இருந்தால் ஃபிலிம் அல்லது ஒன்றுமில்லை. பெரியதாக, கை எட்டும் உயரத்தில் இருந்தால் வட்டச் சட்டத்துக்குள் செய்யப்படும் மர ஷட்டர் நல்லது. அதன் பட்டைகளைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நகர்த்த வேண்டிய அவசியமில்லை. வடிவம் எதுவானாலும் உள்ளேயே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த முடிவது ஷட்டரின் பெரிய பலம். விலை கூடுதல், எடையும் கூடுதல். சட்டம் சுவரில் உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும்.

படுக்கையறை வட்டத்துக்கு இன்னொரு வழி: துணி அடுக்கடுக்காக மடிந்து மேலே ஏறும் ரோமன் பிளைண்டு ஒன்றை, வட்டத்தைவிடப் பெரிய சதுரமாகச் சுவரில் மாட்டுங்கள். பகலில் அது வட்டத்துக்கு மேலே மடிந்து நிற்க வேண்டும். அதற்கு மேலே போதிய சுவர் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிந்த கூரையை ஒட்டிய ஜன்னல். மேல் விளிம்பு சாய்ந்திருக்கிறது. கம்பியையும் சாய்த்தே மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் இழுக்கும்போது என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு மாட்டுங்கள். மேல் சாய்வு, அடி மட்டம் என்றால் துணியின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு நீளம். தாழ்ந்த பக்கம் ஒதுக்கினால் நீளமான பகுதிகள் தரையில் குவியும். உயர்ந்த பக்கம் ஒதுக்கினால் குட்டையான பகுதிகள் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும், விட்டவுடன் சரிவில் கீழிறங்கவும் செய்யும். ஆகவே சாய்ந்த கம்பியில் தலைப்பை அசையாமல் பிணைத்து, உயர்ந்த பக்கமாகத் துணியை நாடாவால் கட்டி ஒதுக்குவதே சரி.

நகரும் திரை வேண்டுமென்றால் தாழ்ந்த மூலையின் மட்டத்தைப் பாருங்கள். அதற்குக் கீழே இருப்பது நீள்சதுரம். அங்கே எந்தத் திரையும் போடலாம். மேலே மிஞ்சும் முக்கோணத்தை வெறுமனே விடலாம், ஃபிலிம் ஒட்டலாம். சாய்வுக்கென்றே செய்யப்படும் தேன்கூட்டு மடிப்புத் திரைகளும் உண்டு. அவற்றின் மேற்பகுதி சாய்வாகவே நின்றுவிடும். கீழிருந்து தாழ்ந்த மூலைவரைதான் ஏறும். முழுதாகத் திறக்கும் என்று எண்ணி வாங்கியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். வாங்குமுன் எது வரை ஏறும் என்று கேட்டு, அந்த இடத்தை ஜன்னலில் குறித்துப் பாருங்கள்.

கோடுபோட்ட துணியையும் கட்டம்போட்ட துணியையும் சாய்வுக்கு எடுக்காதீர்கள். நேர்க்கோடு சாய்ந்த விளிம்பில் போய் முட்டும் இடம் எப்போதும் தப்பாகத் தைத்ததுபோலவே தெரியும்.

சுவரிலிருந்து வெளியே புடைத்து நிற்கும் மூன்று பக்க ஜன்னல் இருக்கிறது. ஒரே திரையா, மூன்று திரைகளா?

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, புடைப்பின் வாயில் நேராக ஒரே கம்பி. வேலை எளிது. ஆனால் திரையை இழுத்தவுடன் புடைப்பில் இருக்கும் இடமும் அங்கே போட்ட இருக்கையும் அறையிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும். புடைப்பு மிகவும் ஆழம் குறைந்ததாக இருந்தாலொழிய இதை நான் விரும்புவதில்லை.

இரண்டாவது, கூரையில் பொருத்தி மூலைகளில் மெல்ல வளையும் தடம். துணித்திரைக்கு இதுவே மிகச் சிறந்தது. தடத்துக்குள் உருளைகள் ஓடுவதால் மூலையில் திரை சிக்காது. கம்பிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், மூலையில் நிற்கும் தாங்கியைத் தாண்டிப்போகும் வாய்திறந்த வளையங்களை வாங்குங்கள். முழு வளையம் அங்கேயே நின்றுவிடும். திரையை இரு கோடிகளில் மட்டும் ஒதுக்குவதா, மூலைகளிலும் ஒதுக்குவதா என்பதையும் முடிவு செய்ய வேண்டும். பக்க ஜன்னல்கள் குறுகலாக இருந்தால் கோடியில் ஒதுங்கும் துணியே அவற்றைப் பாதி மூடிவிடும்.

மூன்றாவது, ஒவ்வொரு கண்ணாடிக்கும் தனித்தனி பிளைண்ட். இங்கே எல்லோரும் மறப்பது மூலையில் தலைப்பெட்டிகள் ஒன்றோடொன்று இடிப்பதை. கண்ணாடியின் அகலத்தை மட்டும் அளந்து வாங்கினால் மாட்ட முடியாது. தலைப்பெட்டியின் தடிப்பு, அகலம் ஆகிய அளவில் அட்டைத் துண்டுகளை வெட்டி மூலையில் வைத்து, எந்த இடத்தில் முட்டுகிறது, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பாருங்கள். மூலைக் கோணத்தை 135 பாகை என்று அனுமானிக்காமல் அளந்துகொள்ளுங்கள்; இரு மூலைகளும் ஒரே கோணத்தில் இருப்பதுகூட அரிது. மூன்று பிளைண்டுகளும் ஒன்றுபோலத் தெரிய வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் ஒரே துணிச்சுருளிலிருந்து செய்யச் சொல்லுங்கள்.

சுவர் மூலையில் இரண்டு கண்ணாடிகள் சேர்கின்றன. நடுவில் தூணே இல்லை. அங்கே?

ரோலர் பிளைண்டு போட்டால் ஒன்று மூலைவரை முழுதாகப் போக, மற்றொன்று அதன் தடிப்பளவு தள்ளி நிற்க வேண்டும். மூலையில் மெல்லிய இடைவெளி தவிர்க்க முடியாதது. துணித்திரை என்றால் மூலையில் முழங்கை இணைப்பு கொண்ட கம்பியைப் போட்டு, திரைகளை மூலையிலிருந்து விலக்கி இரு கோடிகளில் ஒதுக்குங்கள். மூலையில் துணி குவிந்தால், மூலையே திறந்திருக்கும் அந்த அமைப்பின் அழகு போய்விடும்.

கூரையில் பதித்த கண்ணாடி ஜன்னலுக்குத் துணி தொங்கவிடலாமா?

சாய்ந்த, படுத்த பரப்பில் துணி தொய்யும். இரு ஓரங்களிலும் தடமோ இழுத்துப் பிடிக்கும் கம்பிகளோ உள்ள திரைகள்தாம் அங்கே நிற்கும். எட்டாத உயரம் என்றால் கொக்கிக் கழியோ மோட்டாரோ தேவை. நேரே மேலிருந்து வெயில் விழும் கண்ணாடி இது. உள்ளே என்ன போட்டாலும் வெப்பம் ஓரளவு இறங்கத்தான் செய்யும். வெளிப்பக்கம் மறைப்பு போட வழியிருந்தால் அதையே முதலில் யோசியுங்கள்.

உள்ளே திரை போட்டாலும் அறை சூடாகவே இருக்கிறது. திரை சரியில்லையா?

திரையைக் குறைசொல்ல முடியாது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில், திரையில் பட்டு வெப்பமாக மாறி அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கண்ணாடிக்கு வெளியே தடுத்தால்தான் முழுப் பயன்: வெளி ஷட்டர், பந்தல், வெளியே இறங்கும் வலைத்திரை எதுவாக இருந்தாலும் சரி. உள்ளேதான் போட முடியும் என்றால் கண்ணாடியைப் பார்க்கும் முகம் வெண்மையாக இருக்கட்டும். ஒரு பகுதியையாவது அது திருப்பி அனுப்பும்.

பட்டைத் திரை போடுகிறவர்கள் வெயிலின் கோணத்தையும் கவனிக்க வேண்டும். உயரத்திலிருந்து வரும் வெயிலைப் படுத்த பட்டைகள் தடுக்கும். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்வாக, பக்கத்திலிருந்து வரும் வெயிலுக்கு நின்ற பட்டைகள் மேல்.

ஃபிலிம் ஒட்டினால் வேலை முடிந்துவிடுமே, எதற்கு இத்தனை பாடு?

பல வடிவங்களுக்கு ஃபிலிம் நல்ல தீர்வுதான். காகித அச்சை வைத்து வெட்டி, சோப்பு நீர் தெளித்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்தால் எண்கோணத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கண்ணாடிபோல மின்னும் ஃபிலிம் பகலில் மட்டுமே மறைக்கும். வெளிச்சம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு எதிர்ப்பக்கம் தெரியாது என்பதே அதன் தன்மை. இரவில் விளக்கு எரிவது உங்கள் அறையில், ஆகவே வெளியே நிற்பவருக்கு எல்லாம் தெரியும். இரவிலும் மறைப்பு வேண்டுமானால் பனிபடர்ந்ததுபோல் மங்கலாக இருக்கும் ஃபிலிமை ஒட்டுங்கள்.

அடுத்தது, வெப்பத்தை உறிஞ்சும் கருத்த ஃபிலிம். கண்ணாடியின் நடுப்பகுதி சூடேற, சட்டத்துக்குள் மறைந்த ஓரம் குளிர்ந்தே இருக்கும். அந்த வேறுபாட்டால் கண்ணாடி விரிசல் விடலாம். இரட்டைக் கண்ணாடி, உள்ளே கம்பி வலை பதித்த கண்ணாடி போன்றவற்றில் ஆபத்து கூடுதல். கண்ணாடி செய்தவரிடம் கேட்காமல் ஒட்ட வேண்டாம்.

குளியலறையில் எண்கோண ஜன்னல். துணி போடலாமா?

வேண்டாம். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். மங்கல் ஃபிலிம்தான் முதல் தேர்வு. ஏதாவது தொங்க வேண்டும் என்றால் அலுமினியப் பட்டையோ பிவிசி ஷட்டரோ போடுங்கள். மரம் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும்.

கதவின் இருபுறமும் ஒல்லியான கண்ணாடிப் பட்டைகள். கதவிலும் கண்ணாடி. திறக்கும்போது திரை ஆடுகிறது.

துணியின் மேலும் கீழும் மெல்லிய கம்பி கோத்து, இரண்டையும் சட்டத்தில் பிணையுங்கள். அது ஆடாது. கதவில் போடும்போது கைப்பிடி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்நோக்கித் திறக்கும் ஜன்னலுக்கும் இதே விதி: திரை சுவரில் இருந்தால் ஜன்னல் அதில் இடிக்கும், திறக்கும் கதவிலேயே திரையைப் பொருத்துங்கள். தீ விபத்தில் வெளியேற உதவும் ஜன்னல் என்றால் அதை மறிக்கும் நிலையான மறைப்பு கூடவே கூடாது.

எந்தத் துணி நல்லது?

வடிவத்துக்கு வெட்டித் தைக்கும் திரைக்குச் சுருங்காத துணி. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். 2 மீட்டர் துணி நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினால் 6 சென்டிமீட்டர் போய்விடும். சாதாரணத் திரையில் அது சிறு குறை. வளைவுக்கென்று வெட்டிய துணியில் அந்த 6 சென்டிமீட்டருக்குப் பரிகாரமே கிடையாது. ஆகவே பருத்தியை வெட்டுமுன் நனைத்து உலர்த்துங்கள்.

வெயில் நேரே படும் இடத்தில் பட்டு இற்றுப்போகும். பாலியஸ்டர் நெடுநாள் தாங்கும். பட்டுதான் வேண்டும் என்றால் வெயிலை ஏற்கும் உள்துணி வைத்துத் தையுங்கள். துணியின் அகலம் கம்பியின் நீளத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு இருக்கட்டும். மெல்லிய துணிக்கு இரண்டரைக்கு மேலும் போகலாம்.

ஒரே சுவரில் ஒரு வட்டம், இரண்டு நீள்சதுரம், மேலே ஒரு முக்கோணம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று போட்டால் கண்ணுக்குக் குழப்பமாக இருக்காதா?

இருக்கும். அந்தச் சுவரில் வடிவங்களே போதுமான பேச்சைப் பேசிவிட்டன. திரை அமைதியாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே நிறம், முடிந்தால் சுவரின் நிறத்துக்கு நெருங்கியது. கை எட்டும் நீள்சதுரங்களுக்கு மட்டும் ஒரே மட்டத்தில் நகரும் திரை போட்டு, வட்டத்தையும் முக்கோணத்தையும் விட்டுவிடுங்கள்.

வாடகை வீடு. சுவரில் துளை போடக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர்.

குழிவின் இருபுறமும் அழுத்தி நிற்கும் சுருள்வில் கம்பிகள் கிடைக்கின்றன. அவை இணையான இரண்டு செங்குத்து ஓரங்களுக்கு நடுவில் மட்டுமே நிற்கும். வளைவிலோ சாய்விலோ வழுக்கிவிடும். ஆகவே நீள்சதுரப் பகுதிக்கு அந்தக் கம்பியும் இலகுவான துணியும், மிச்சத்துக்குப் பசையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் ஃபிலிமும். காலி செய்யும்போது இரண்டையும் கழற்றி எடுத்துப் போகலாம்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். பிளைண்டின் கயிறு ஆபத்தா?

ஆம், இதில் சமரசமே வேண்டாம். தொங்கும் கயிற்று வளையம் குழந்தையின் கழுத்தில் சுற்றி உயிரே போயிருக்கிறது. கயிறு இல்லாத வகையையோ மோட்டார் வகையையோ வாங்குங்கள். ஏற்கெனவே கயிறு இருந்தால் தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கொண்டி அடித்து அதில் சுற்றிவையுங்கள். மணிச்சங்கிலி என்றால் இறுக்கமாகச் சுவரோடு பிணையுங்கள். ஜன்னலடியில் கட்டிலும் ஏறக்கூடிய இருக்கையும் போடாதீர்கள். புடைப்பு ஜன்னலில் இருக்கை போட்டவர்கள் கயிறுள்ள பிளைண்டை எண்ணவே வேண்டாம்.

இரவுப்பணி முடிந்து பகலில் தூங்குகிறேன். வளைவு ஜன்னல், ஆனால் அறை முழு இருட்டாக வேண்டும்.

உள்ளே மாட்டும் எதுவும் போதாது. ரோலர் பிளைண்டின் துணி, அதன் மொத்த அகலத்தைவிடச் சுமார் 3 சென்டிமீட்டர் குறைவாகவே இருக்கும். அந்த ஓரக்கசிவே தூக்கத்தைக் கெடுக்கும். வளைவுக்கு மேலே கூரையை ஒட்டித் தடம் போட்டு, இருட்டு உள்துணி வைத்த கனத்த திரையைத் தரைவரை விடுங்கள். இரு கோடிகளிலும் தடத்தைச் சுவரோடு சேரும்படி வளைத்துவிட்டால் பக்கக் கசிவும் நிற்கும். கனம் கூடுவதால் தாங்கிகளை ஒரு மீட்டருக்கு ஒன்றாவது வையுங்கள்.

வளைவின் அழகையும் இழக்க மனமில்லை என்றால், வளைவின் அச்சில் வெட்டிய மெல்லிய பலகைக்கு உள்துணி போர்த்தி, தூங்கும் நேரத்தில் மட்டும் காந்தப் பட்டையால் பொருத்தி எடுக்கலாம். வளைவு கை எட்டும் உயரத்தில் இருந்தால் இது அருமையாக வேலை செய்யும்.

ஜன்னல் சட்டமே கோணல். ரசமட்டம் வைத்து மாட்டினால் ஜன்னல் கோணலாகத் தெரிகிறது, ஜன்னலோடு ஒட்டி மாட்டினால் திரை கோணலாகத் தெரிகிறது. எதை நம்புவது?

திரையின் வகையைப் பொறுத்தது. ரோலர் பிளைண்டுக்கும் ரோமன் பிளைண்டுக்கும் ரசமட்டமே தீர்ப்பு. உருளை சற்றுச் சாய்ந்தாலும் துணி ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒரு பக்கமாக நகர்ந்து, ஓரம் தாங்கியில் உரசிப் பிய்ந்துபோகும். அந்தக் கோணலை மறைக்கப் பிளைண்டைச் சட்டத்துக்கு வெளியே, இருபுறமும் தாராளமாக விட்டு மாட்டுங்கள்.

துணித்திரைக்குக் கண்ணே தீர்ப்பு. கம்பி கூரைக்கு அருகில் இருந்தால் கூரை விளிம்போடு ஒட்டிப் போகட்டும். சிறு சாய்வைத் துணி மன்னிக்கும். அடிவிளிம்பை மட்டும் இப்போதே தைக்காதீர்கள். திரையைத் தொங்கவிட்டுச் சில நாள் துணி தொய்ந்து அமைந்தபின், தரையிலிருந்து ஒரே உயரத்தில் ஊசி குத்திக் குறித்து, அப்புறம் மடித்துத் தையுங்கள்.